சத்திரத்து வாசல்ல இருந்து லாட்ஜ் ரிசப்ஷன் வரைக்கும்: நமக்கு ரூம் குடுக்கிறது யாரு?

"இது என்ன வீடா, சத்திரமா?" ராத்திரி லேட்டா வீட்டுக்கு வந்த எல்லாருமே ஒரு தடவையாவது இந்தக் கேள்விய வாங்கியிருப்போம். யாரு வேணா எப்ப வேணா வரலாம், போகலாம், யாரும் கேட்க மாட்டாங்க. சத்திரம்னா நம்ம மனசுல இருக்கிற படம் இதுதான். ஆனா உண்மையிலயே சத்திரத்துல யாரும் கேட்காம இருந்தாங்களா? வாசல்ல நின்னு "நீ யாரு, எந்த ஊரு, என்ன ஆளு"ன்னு கேட்ட ஒருத்தர் எப்பவுமே இருந்திருக்கார். இன்னிக்கு அவருக்கு டை கட்டி, பெயர் பட்டை மாட்டி, ரிசப்ஷனிஸ்ட்னு கூப்பிடுறோம். இந்த எபிசோட் அந்த ஆளோட வரலாறு.

நான் துறையூர்க்காரன். எங்க ஊர்ல இருந்து திருச்சி 45 கிலோமீட்டர் பக்கம். மண்ணச்சநல்லூர் வழியா பஸ் வந்து நிக்கிற இடத்துக்குப் பேரே 'சத்திரம்'. கண்டக்டர் "சத்திரம், சத்திரம்"னு கத்துவார். பஸ் ஸ்டாண்டுக்கு ஏன் இந்தப் பேருன்னு ரொம்ப நாளா நான் யோசிச்சதே இல்ல. அந்த இடத்துல பயணிகள் தங்குற சத்திரம் இருந்துச்சு, அந்தப் பேரு ஒட்டிக்கிச்சு, அவ்வளவுதான். ஒரு பக்கம் மலைக்கோட்டை, இன்னொரு பக்கம் காவிரிப் பாலம் தாண்டினா ஸ்ரீரங்கம். பல நூறு வருஷமா வெளியூர்க்காரங்க வந்து, குளிச்சு, சாமி கும்பிட்டு, ராத்திரி எங்கயாவது படுத்து எழுந்து போன ஊர் இது. வந்தவங்களுக்குப் படுக்க இடம் குடுக்கிறது இங்க ரொம்பப் பழைய தொழில். ஆரம்பத்துல அது தொழிலே இல்ல, தர்மம்.

ராத்திரி 12 மணிக்கு ஒரு மணிச் சத்தம்

ராணி மங்கம்மாள் பேரு எல்லாருக்கும் தெரியும். பேரன் சின்னப் பையனா இருந்ததால, 1689-ல இருந்து 1706 வரைக்கும் அவர் சார்பா மதுரை நாயக்கர் அரசை ஆண்டவங்க. தலைநகரம் அப்போ திருச்சிதான். இப்ப மியூசியமா இருக்கிற கட்டடத்த இன்னிக்கும் ராணி மங்கம்மாள் மண்டபம்னுதான் சொல்றோம். சாலை போட்டாங்க, சாலை ஓரத்துல மரம் வச்சாங்க, நடந்து போறவங்களுக்குச் சத்திரம் கட்டினாங்கன்னு தெக்கத்தி ஜனங்க இன்னிக்கும் நினைவு வச்சிருக்காங்க. மதுரை ரயில்வே ஸ்டேஷனுக்கு எதிர்ல மங்கம்மாள் சத்திரம் இப்பவும் இருக்கு.

சத்திரத்துக்குள்ள அன்றாடம் என்ன நடந்துச்சுன்னு நமக்குத் தெளிவாத் தெரியறது கொஞ்சம் பின்னாடி, பக்கத்து ஊரு தஞ்சாவூர்ல இருந்து. 1799-ல தஞ்சை மராட்டிய அரசோட நிர்வாகத்த கிழக்கிந்தியக் கம்பெனி எடுத்துக்கிச்சு. மன்னர் இரண்டாம் சரபோஜி, 1801-ல கம்பெனியோட ரெசிடென்ட்டுக்கு ஒரு கடிதம் எழுதினார். 'எங்க சத்திரங்கள மட்டும் எங்கிட்டயே விட்டுடுங்க'ங்கிறதுதான் சாரம். அதுக்காக, சத்திரத்துல என்னென்ன நடக்குதுன்னு விவரமா எழுதினார்.

ராமேஸ்வரம் போற வழியில இருக்கிற சத்திரங்கள்ல எந்த சாதிக்காரங்க வந்தாலும் சாப்பாடு உண்டு. சமைச்ச சோறு வேண்டாம்னு சொல்றவங்களுக்கு அரிசியும் மளிகையும் தனியா அளந்து குடுப்பாங்க. இது நடுராத்திரி வரைக்கும் நடக்கும். அப்புறம் ஒரு மணி அடிச்சு, இன்னும் சாப்பிடாதவங்க யாராவது இருந்தா வரலாம்னு அறிவிப்பு குடுப்பாங்க. உடம்பு சரியில்லாம நடக்க முடியாதவங்களுக்கு வைத்தியர் உண்டு, குணமாகிற வரைக்கும் தங்கலாம். பச்சக் குழந்தைங்களுக்குப் பால். வந்த இடத்துல பிரசவம் ஆன பொண்ணுங்களுக்கும் கவனிப்பு. சில சத்திரங்கள்ல பள்ளிக்கூடமே இருந்துச்சு. ஒரத்தநாட்டுல 1802-ல வந்த முக்தாம்பாள் சத்திரம் இந்த வரிசையில பேர் போனது.

இதுல வேலை பார்த்தவங்கள கொஞ்சம் எண்ணிப் பாருங்க. வந்தவங்கள பார்த்து இடம் காட்டுற ஆள். அரிசி, மளிகை அளந்து கணக்கு எழுதுற ஆள். சமையல் ஆளுங்க. வைத்தியர். மணி அடிக்கிற ஆள். இன்னிக்கு ஹோட்டல் மேனேஜ்மென்ட் பாடத்துல பக்கம் பக்கமா இருக்கிற பொறுப்புகள்ல பாதி இங்கயே இருக்கு. பில் போடுற ஆள் மட்டும்தான் கிடையாது.

கதவு எல்லாருக்கும் திறந்துச்சா?

இங்க கொஞ்சம் நிதானிக்கணும். சரபோஜி எழுதினது, சத்திரங்கள காப்பாத்திக்க ஒரு மன்னர் எழுதின கடிதம். நல்ல பக்கத்தத்தான் எழுதுவார். அதுலயே, எல்லா சாதிக்கும் சோறு போட்டோம்னு தனியா எடுத்துச் சொல்ல வேண்டியிருந்துச்சு பாருங்க. ஏன்னா மத்த இடத்துல அப்படி இல்ல. கோயில் ஊர்கள்ல ஒவ்வொரு சாதிக்கும் தனித்தனிச் சத்திரம் இருந்துச்சு. உள்ள விட்டாலும் உக்காற இடம் வேற, தண்ணி எடுக்கிற இடம் வேற. வாசல்ல நிக்கிற ஆளோட முதல் வேலையே வர்றவங்க யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான்.

இதுல நம்ம ஊர் ஆட்களுக்கு ரொம்பத் தெரிஞ்ச கதை பெரியாரோடது. அவரோட வாழ்க்கை வரலாறுகள் எல்லாத்துலயும் வரும். இளைஞரா இருந்தப்ப வீட்ட விட்டுக் கிளம்பி காசிக்குப் போறார். கடும் பசி. அங்க இருந்த சத்திரங்கள்ல பிராமணர்களுக்கு மட்டும்தான் சாப்பாடு. பூணூல் மாதிரி ஒண்ண மாட்டிக்கிட்டு உள்ள போகப் பார்க்கிறார். மீசை காட்டிக் குடுத்துடுது. வாசல்காரர் வெளிய தள்ளிடுறார். தெருவுல விழுந்த எச்சில் இலையில இருந்து சாப்பிட வேண்டிய நிலைமை. அப்புறம் நிமிர்ந்து பார்த்தா, அந்தச் சத்திரத்தக் கட்டினதே தெற்கிலிருந்து போன பிராமணர் அல்லாத ஒரு வணிகர்னு தெரியுது. கட்டினவர் சாதிக்கே உள்ள இடம் இல்ல. பின்னாடி அவர் எடுத்த அரசியலுக்கு இந்தச் சத்திர வாசலும் ஒரு காரணம்னு அந்த நூல்கள் சொல்லுது.

நோட்டுல பேர் எழுதுற பழக்கம்

சத்திரத்துல 'நீ யாரு'ங்கிற கேள்விக்கு வாய்ல பதில் சொன்னா போதும். அத எழுதி வைக்கணும்ங்கிறது பிரிட்டிஷ்காரங்க காலத்துல பலமா வந்துச்சு. அவங்க அதிகாரிங்க ஊர் ஊரா போறப்ப தங்கறதுக்கு பங்களா கட்டினாங்க. நம்ம ஊர்ப் பெரியவங்க அத முசாபரி பங்களான்னு சொல்வாங்க. முசாபர்னா பயணி. ஒரு காவலாள், ஒரு சமையல்காரர், மேசை மேல ஒரு நோட்டு. வந்த நேரம், கிளம்பின நேரம், குடுத்த காசு எல்லாம் தங்கறவரே எழுதிக் கையெழுத்துப் போடணும்.

1867-ல சராய் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு. சராய்னா வழிப்போக்கர் தங்குற இடம். இந்தச் சட்டம் எல்லா மாகாணத்துக்கும் ஒரேயடியா வரல, ஆனா அதுல இருக்கிற எண்ணத்த கவனிங்க. சராய் நடத்துறவர் அரசாங்கத்துல பதிவு பண்ணணும். இடத்தச் சுத்தமா வச்சுக்கணும், தண்ணிய சுத்தமா வச்சுக்கணும், காவலுக்கு ஆள் போடணும், கட்டணப் பட்டியல எல்லார் கண்ணுலயும் படுற மாதிரி வைக்கணும். மாஜிஸ்திரேட் கேட்டா, முந்தின நாள் ராத்திரி யார் யார் தங்கினாங்கன்னு தெரியப்படுத்தணும். 1857 கிளர்ச்சி முடிஞ்சு பத்து வருஷம்தான் ஆகியிருந்துச்சு. வழியில நடமாடுற ஜனங்க யாருன்னு அரசுக்குத் தெரிஞ்சாகணும். சராய்க்காரர் விருந்தாளிய கவனிச்சுக்கிற ஆள் மட்டும் இல்ல, அரசாங்கத்துக்குக் கண்ணாகவும் ஆயிட்டார். இன்னிக்கு வரைக்கும் ரிசப்ஷன்ல உக்காந்திருக்கிறவங்களுக்கு இந்த ரெண்டு வேலையும் உண்டு.

நோட்டுல எழுதுற பேர் எவ்வளவு கனமானதுன்னு புரிஞ்சுக்கணும்னா அம்பேத்கர் கதைய கேக்கணும். 1917. அமெரிக்காவுலயும் லண்டன்லயும் படிச்சிட்டு, பரோடா சமஸ்தானத்துல வேலைக்கு வர்றார். ஊர்ல தங்க இடமில்ல. இந்து ஹோட்டல்ல சாதி கேப்பாங்க. பார்சிகள் நடத்துற ஒரு விடுதி இருக்குன்னு தெரிஞ்சு அங்க போறார். காப்பாளர் பார்க்கிறார். இது பார்சிகளுக்கு மட்டும், நான் பதிவேட்டக் கணக்கு காட்டணும்னு சொல்றார். கடைசியில ரெண்டு பேரும் ஒரு ஒப்பந்தத்துக்கு வர்றாங்க: நோட்டுல ஒரு பார்சிப் பேர எழுதிட்டுத் தங்கிக்கலாம். பதினோராவது நாள் காலையில ஒரு டஜன் பேரு தடியோட வந்து மறிச்சு, சாயங்காலத்துக்குள்ள காலி பண்ணணும்னு மிரட்டுறாங்க. அந்த ஊர்ல வேற இடமே கிடைக்கல. வேலைய விட்டுட்டு பம்பாய்க்குத் திரும்பிட்டார். இந்தச் சம்பவத்த அவரே எழுதி வச்சிருக்கார். படிச்ச படிப்பு, மகாராஜா குடுத்த வேலை எல்லாம் இருந்தும், ஒரு ரெஜிஸ்டர்ல சொந்தப் பேர எழுத முடியல.

அதனாலதான் அரசியல் சட்டத்தோட 15-வது பிரிவு ஹோட்டல்ங்கிற வார்த்தைய நேரடியாவே சொல்லுது. கடை, உணவகம், ஹோட்டல் இதுக்குள்ள போறதுக்கு மதம், இனம், சாதி, பாலினம், பிறந்த இடம் எதுவும் தடையா இருக்கக் கூடாது. 1955-ல வந்த தீண்டாமைக் குற்றங்கள் சட்டம் ஹோட்டல், தர்மசாலை, சராய்னு பட்டியலே போட்டு, தடுத்தா தண்டனைன்னு சொல்லுச்சு.

கவுன்ட்டரும் சாவியும் எப்ப வந்துச்சு?

இப்ப கொஞ்சம் கடல் தாண்டிப் போவோம். இன்னிக்கு நாம பார்க்கிற 'முன் அலுவலகம்', அதாவது லாபி, கவுன்ட்டர், சாவி, பெட்டி தூக்குற பையன், இந்த அமைப்புக்கு அமெரிக்காவுல பாஸ்டன் நகரத்துல 1829-ல திறந்த டிரிமான்ட் ஹவுஸ முக்கியமான தொடக்கமா சொல்வாங்க. அதுக்கு முன்னாடி அங்க விடுதின்னா சாராயக் கடையும் சேர்ந்த இடம். கடைக்காரர்கிட்டயே இடம் கேக்கணும். தெரியாத ஆளோட ஒரே கட்டில்ல படுக்கிறதெல்லாம் சாதாரணம். டிரிமான்ட் ஹவுஸ் தங்க வர்றவங்களுக்குன்னு தனி இடம் ஒதுக்குச்சு. ஒவ்வொரு அறைக்கும் பூட்டு, சாவி. பெட்டி தூக்க ஆள்.

ஒரு வேலை பிறந்தா, அது சீக்கிரமே பல வேலையா பிரியும். ரூம் குடுக்கிறவர் ரிசப்ஷனிஸ்ட். முன்பதிவு பார்க்கிறவர் ரிசர்வேஷன். காசு வாங்குறவர் கேஷியர். மணி தட்டினா ஓடி வர்ற பெட்டிக்காரங்களுக்குத் தலைவர் பெல் கேப்டன். ஊர்ல எங்க போகணும், எப்படிப் போகணும்னு சொல்றவர் கன்சியர்ஜ். இதுல நைட் ஆடிட்டர்னு ஒருத்தர் உண்டு. ஊர் தூங்குறப்ப அன்னிக்குள்ள எல்லாக் கணக்கையும் சரிபார்த்து, நாள 'மூடுற' ஆள். ஹோட்டல்ல தேதி 12 மணிக்குத் தானா மாறாது, அவர் கணக்க முடிச்சப்புறம்தான் மாறும். சத்திரத்துக்காரங்க நடுராத்திரியில சாப்பிடாதவங்களத் தேடினாங்க. இவர் காசு கட்டாதவங்களத் தேடுறார்.

ரயில் வந்துச்சு, லாட்ஜ் வந்துச்சு

திருச்சிக்கு வருவோம். நாகப்பட்டினத்துல இருந்து தஞ்சாவூர் வழியா ரயில் 1862-ல திருச்சிக்கு வந்துச்சு. பின்னாடி தென்னிந்திய ரயில்வே கம்பெனிக்கு இந்த ஊரே தலைமையிடம் ஆச்சு. கால்நடையா வந்தவங்களுக்கு வழியில பத்து சத்திரம் வேணும். ரயில்ல வர்றவங்களுக்கு இறங்குற இடத்துல ஒரு ரூம் போதும். வழியோரச் சத்திரங்கள் மெல்ல ஆள் இல்லாம போச்சு. பல சத்திரங்கள் கல்யாண மண்டபம் ஆச்சு. கன்டோன்மென்ட் பக்கம், ஜங்ஷன் பக்கம், பின்னாடி பஸ் ஸ்டாண்ட் பக்கம் லாட்ஜுகள் முளைச்சுது.

இதுல நம்ம மொழியில ஒரு வேடிக்கை நடந்துச்சு. உலகம் பூரா ஹோட்டல்னா தங்குற இடம். நம்ம ஊர்ல ஹோட்டல்னா சாப்பிடுற இடம். தங்கணும்னா லாட்ஜ். 'போர்டிங் அண்ட் லாட்ஜிங்'னு பழைய பலகைகள்ல இருக்கும்ல? கீழ சாப்பாடு, மாடியில ரூம். கீழ இருக்கிற சாப்பாடுதான் ஊருக்குத் தெரிஞ்சது, அதனால பேரும் அதுக்கே போயிடுச்சு. ஒரு சாப்பாட்டுக் கடைய வளர்த்து தங்கும் விடுதி ஆக்குறது தமிழ்நாட்டுல நல்லா ஓடின வழி. சென்னையில உட்லண்ட்ஸ ஆரம்பிச்ச கிருஷ்ணராவே உடுப்பிச் சமையல்ல இருந்து வந்தவர்தான்.

ஒரே ஆளு, ஏழு வேலை

காலேஜ் முடிச்ச புதுசுல, திருச்சியில ஒரு லாட்ஜ் ரிசப்ஷன்ல சில மாசம் ராத்திரி ஷிஃப்ட் பார்த்தேன். இப்ப சொன்ன ரிசர்வேஷன், கேஷியர், கன்சியர்ஜ், நைட் ஆடிட்டர் எல்லாம் சேர்ந்த ஒரே ஆளு நான்தான். கூட ஒரு ரூம் பாய் அண்ணன். அவர்தான் பெல் கேப்டன், அவர்தான் எலெக்ட்ரீஷியன். சாவி போர்டுல எந்த ஆணியில சாவி தொங்குதோ அந்த ரூம் காலி. கம்ப்யூட்டர் இருந்துச்சு, ஆனா எல்லாரும் நம்பினது ஆணியத்தான். '24 மணி நேர செக்-அவுட்'ங்கிறதால ஒவ்வொரு ரூமுக்கும் ஒரு கெடு. காலையில 5:10-க்கு வந்தவர் மறுநாள் 5:10-க்குக் காலி பண்ணணும். பெரிய ஹோட்டல் மாதிரி எல்லாருக்கும் 12 மணின்னு வச்சா கணக்கு சுலபம். ஆனா கோயிலுக்கு வர்ற குடும்பம் விடியற்காலையிலதான் வந்து இறங்கும். அவங்களுக்கு இந்த முறைதான் நியாயம். நம்ம ஊர்ப் பயணத்துக்குத் தகுந்த மாதிரி நம்ம ஆளுங்க பண்ணிக்கிட்ட ஏற்பாடு இது.

வைகுண்ட ஏகாதசி சமயத்துல ஸ்ரீரங்கத்துல ரூம் கிடைக்காம கூட்டம் திருச்சிப் பக்கம் திரும்பும். 2014-ல பஞ்சக்கரைப் பக்கம் யாத்ரி நிவாஸ் திறந்தாங்க. அதுக்கு அப்புறமும் அந்த ராத்திரிகள்ல லாட்ஜ் போன் ஓயாது. இன்னொரு பக்கம் ஏர்போர்ட். சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்புன்னு விமானம் வந்து போற ஊர். ஒரு அம்மா வருவாங்க, நம்மளவிட நல்ல தமிழ் பேசுவாங்க, கையில மலேசிய பாஸ்போர்ட் இருக்கும். சட்டப்படி அவங்க வெளிநாட்டவர். அப்போ 24 மணி நேரத்துக்குள்ள 'சி' படிவம் போட்டு அதிகாரிகளுக்கு விவரம் அனுப்பணும்னு இருந்துச்சு. இந்தப் பழக்கத்துக்கு அடிப்படை 1939-ல வந்த வெளிநாட்டவர் பதிவுச் சட்டம். 2025-ல புதுச் சட்டம் வந்து அதோட இடத்த எடுத்துக்கிச்சு. தகவல் குடுக்கிற பொறுப்பு மட்டும் விடுதிக்காரங்ககிட்டயே இருக்கு. "நான் லால்குடிக்காரங்க வீட்டுப் பொண்ணு தம்பி, எனக்கு எதுக்கு இவ்ளோ பேப்பர்?"னு ஒரு அம்மா கேட்டாங்க. என்ன பதில் சொல்றது? "ரூல்ஸ்மா"ன்னு சொல்லிட்டு எழுதினேன்.

இன்னிக்கும் அதே கேள்வி

லாட்ஜ் ரெஜிஸ்டர்ல இருக்கிற கட்டங்கள கவனிச்சிருக்கீங்களா? பேரு, ஊரு, எங்கிருந்து வர்றீங்க, எங்க போறீங்க, என்ன காரியமா வந்தீங்க, கூட எத்தன பேரு, உறவு என்ன. இதுல பாதி பாதுகாப்புக்கு. மீதிப் பாதிய வச்சுத்தான் சில இடங்கள்ல ஆளுக்கு ஏத்த மாதிரி கதவு திறக்குது, மூடுது. ராத்திரி தனியா வந்து இறங்குற பொண்ணுக்கு "ரூம் இல்லம்மா". லோக்கல் ஆதார்னா "கிடையாது". திருநங்கைன்னா பதிலே வராது. சாவி ஆணியில தொங்கிட்டே இருக்கும்.

கல்யாணம் ஆகாத ஜோடி விஷயத்துல ஒரு தீர்ப்பு இருக்கு. 2019-ல கோயம்புத்தூர்ல ஒரு தங்கும் விடுதிக்கு அதிகாரிகள் சீல் வச்சாங்க. சொன்ன காரணங்கள்ல ஒண்ணு, கல்யாணம் ஆகாத ஆணும் பெண்ணும் தங்கியிருந்தாங்கங்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் அந்த டிசம்பர்ல, வயசு வந்த ரெண்டு பேரு அப்படித் தங்கறத எந்தச் சட்டமும் தடுக்கலன்னு சொல்லி, சீல எடுக்கச் சொல்லுச்சு. சட்டம் தெளிவா இருக்கு. ஆனா ராத்திரி 11 மணிக்கு கவுன்ட்டர்ல நீதிபதி இல்ல. அங்க இருக்கிறது மாசச் சம்பளத்துக்கு வேலை பார்க்கிற 22 வயசுப் பையன். போலீஸ் வந்தா நாமதான் மாட்டுவோம்ங்கிற பயம் அவனுக்கு, முதலாளி என்ன சொல்வாரோங்கிற பயம் வேற. 'இல்ல'ன்னு சொன்னா அவனுக்கு நஷ்டம் எதுவும் கிடையாது. 'இருக்கு'ன்னு சொன்னாத்தான் அவன் பதில் சொல்லணும். கதவு எளிதா மூடுறதுக்கு அந்தப் பையனோட மனசு மட்டும் காரணம் இல்ல, வேலையே அப்படி அமைஞ்சிருக்கு.

அதனால அவன் பக்கமும் பேசணும். துவாக்குடியில இருக்கிற அரசு ஹோட்டல் மேனேஜ்மென்ட் கல்லூரில படிச்சிட்டு வர்ற பசங்களும் பொண்ணுங்களும் முதல்ல நிக்கிற இடம் இந்த கவுன்ட்டர்தான். 'நிக்கிற'ன்னு சும்மா சொல்லல. பல இடங்கள்ல நாற்காலி கிடையாது, சிரிச்சுக்கிட்டே ஷிஃப்ட் பூரா நிக்கணும். 2021-ல தமிழ்நாடு அரசு கடைகள், நிறுவனங்கள் சட்டத்த திருத்தி, வேலை செய்றவங்க எல்லாருக்கும் உக்காற இருக்கை குடுத்தாகணும்னு கொண்டு வந்துச்சு. ஜவுளிக்கடைப் பொண்ணுங்க கால் வீங்கி நின்ன கதைல இருந்து வந்த திருத்தம் அது. அடுத்த தடவ ரூம் எடுக்கப் போறப்ப கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் ஒரு நாற்காலி இருக்கான்னு எட்டிப் பாருங்க.

முடிக்கிறதுக்கு முன்னாடி ஒண்ணு. சத்திரக் காலம் பொற்காலம்னு நான் சொல்ல வரல. பெரியார வெளிய தள்ளினதும் ஒரு சத்திரத்து ஆள்தான். ஆனா சரபோஜி கடிதத்துல இருக்கிற அந்த ஒரு வேலைய மட்டும் நினைச்சுப் பாருங்க. நடுராத்திரி மணி அடிச்சு, விட்டுப் போனவங்க யாருன்னு தேடச் சொல்லி ஒருத்தருக்குச் சம்பளம் குடுத்திருக்காங்க. இன்னிக்கு முன் அலுவலகத்துல அத்தன பதவி இருக்கு, இந்த வேலைக்கு மட்டும் ஆள் இல்ல.

உங்களுக்கு ரூம் இல்லன்னு சொன்ன அனுபவம் இருந்தாலோ, கவுன்ட்டருக்கு அந்தப் பக்கம் நின்னு நீங்களே அப்படிச் சொல்ல வேண்டி வந்திருந்தாலோ, குரல் பதிவா அனுப்புங்க. ரெண்டு பக்கத்துக் கதையும் எங்களுக்கு வேணும்.